வேரில்லாத பல்

அரியலூர் முகாம்,
12-7-1953

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. மற்றபடி சுகம்தான். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் ஆலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வெறும் வயிற்றோடு ஓடுகிறீர்களா?

இங்கே கடல் இல்லை. இருந்திருக்கிறது. நடந்தால் காலில் கிளிஞ்சல் தட்டுகிறது. கல்லாகிப்போன கிளிஞ்சல். சிமெண்டுக்கான சுண்ணாம்புப் பாறை எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. பகல் முழுவதும் வெயில், அளவுச் சங்கிலி, முளைக்குச்சி. மாலையில் எனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். பல் பொறுக்குவது.

சிரிக்காதீர்கள். டைனோசார் என்று ஒரு வகை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இருந்த பல்லி இனம். எல்லாமே யானை உயரம் இல்லை. தெருநாய் அளவில் ஓடித் திரிந்து இறைச்சி தின்றவையும் உண்டு. அவற்றின் எலும்பு கிடைப்பது அபூர்வம். பல் கிடைக்கிறது. எறும்புகள் தங்கள் புற்று வாயில் பொடிக்கல்லை ஏற்றிக் கொட்டும் அல்லவா, அதைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு ஓடை மண்ணை அள்ளிச் சல்லடையில் கழுவுவேன். வாரத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

எங்கள் ஜீப் டிரைவர் ஹபீபுல்லா வண்ணாரப்பேட்டைக்காரர். என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "இன்னா மாமு, பி.எஸ்ஸி. பட்ச்சது பல்லு பொறுக்கத்தானா? எங்க பேட்டைல பல்லு புடுங்கறவன்கூட சொந்தமா கடை வச்சிகினு கீறான்."

வேறு செய்தி இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

கோதண்டம்


திருவொற்றியூர் குப்பம்,
2-8-1953

தம்பி கோதண்டத்துக்கு, பூமாரி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அத்தைக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. தீப்பெட்டி ஆலையில் இப்போது என்னைப் பெட்டி அடைக்கும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். நின்றுகொண்டே செய்யும் வேலை.

செய்தி கேட்டாய். உன் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாமல், வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம். அத்தை பஞ்சாயத்தில் சொல்லியாகிவிட்டது. எங்கள் பழவேற்காட்டில் இந்த வழக்கம் வேறு மாதிரி என்பதால் அவர்களே எனக்கு விளக்கினார்கள். உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலால் ஓர் ஆள் செய்யவேண்டுமாம். தேங்காயைத் தலையாக வைத்து, அதில் அரிசியைப் பல்லாகப் பதித்து, கூடப் பிறந்தவன் தோளில் சுமந்துபோய்க் கடலில் விடவேண்டுமாம். தாலியும் அன்றைக்கே இறங்கும்.

கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான். நீ வராமல் அது நடக்காது.

நான் சரி என்று சொல்லவில்லை. துடுப்பு ஒன்று எண்ணூர் முகத்துவாரத்தில் கிடைத்தது என்பதற்காக ஆளே போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? வா என்றும் உனக்கு எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை.

அவரோடு அன்று ஒரே கட்டுமரத்தில் போய்த் திரும்பி வந்த பொன்னுரங்கம் தினமும் நம் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போகிறான். கூப்பிட்டால் நிற்பதில்லை. அந்த மீனை நான் அடுப்பில் ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு பல்லை வைத்து இது இன்ன மிருகம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? உடம்பைப் பார்த்துக்கொள்.

பூமாரி


அரியலூர் முகாம்,
30-8-1953

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போயிற்று. எனக்கும். இப்போது எழுந்து நடமாடுகிறேன். நீங்கள் இருவரும் நலமென்றால் போதும்.

கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் பல் எல்லாம் சுறாப் பல் என்கிறார் ஆபீசர். இந்தப் பாறையில் சுறாப் பல் ஏராளம், அது உண்மை. அதிலும் ஒரு வகை பின்பக்கம் வளைந்து, ஓரத்தில் அரம்போல் பல்லுப்பல்லாக இருக்கும். யாரும் ஏமாறலாம். ஆனால் நான் சுறா அறுத்த வீட்டில் பிறந்தவன். சுறாப் பல்லின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் புடைப்பு. அடியில் இரண்டு கால்போல் விரிந்த வேர். என்னிடம் இருப்பதற்கு இரண்டு முகமும் ஒரே புடைப்பு. குறுக்கே பார்த்தால் புளியங்கொட்டை வடிவம். நடுவில் குழி. முன் ஓரம், பின் ஓரம் இரண்டிலும் அரம். லென்ஸ் இல்லாமல் தெரியாது, நகத்தால் தடவினால் தெரியும்.

இன்னொன்று. அதற்கு வேரே இல்லை.

உடைந்து போனதல்ல. இந்த விலங்குகளுக்கு ஆயுள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. உள்ளே புதுப் பல் வளரும்போது பழையதன் வேரைக் கரைத்துவிடும். இரையைக் கடிக்கும்போது பழையது கழன்று விழும். விலங்கு எழுந்து தன் வழியே போயிருக்கும். ஆகவே பல் கிடைத்த இடத்தில் அது செத்தது என்று அர்த்தமில்லை.

ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். இருப்பதில் முழுசானது அதுதான். உங்கள் ஆலைத் தீப்பெட்டியிலேயே பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் காட்டுங்கள்.

கோதண்டம்


திருவொற்றியூர் குப்பம்,
20-9-1953

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். காய்ச்சலுக்குப் பிறகு குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

பெட்டி வந்தது. என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கிறது. கறுப்பாக, பளபளவென்று. அத்தை கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இத்தப் போயி எவனாச்சும் தபால்ல அனுப்புவானா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பல் விழுந்தால் செத்தது என்று அர்த்தமில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அது உறுதியா?

பூமாரி


அரியலூர் முகாம்,
4-10-1953

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமே. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உறுதிதான். பல்லின் அடியைத் திருப்பிப் பாருங்கள், கிண்ணம்போல் குழிந்திருக்கும்.

ஆபீசர் ஒரு வழியாக இறங்கி வந்தார். கல்கத்தாவில் உள்ள தலைமை ஆபீசுக்கு அனுப்பி யாரையாவது பார்க்கச் சொல்லலாம் என்கிறார். அவர்கள் ஒப்புக்கொண்டால் என் பெயர் ஓரிடத்தில் அச்சாகும். சங்கிலி பிடிப்பதிலிருந்து விடுதலை கிடைக்கலாம். என்னிடம் மீதி உள்ளவை நுனி உடைந்தவை, அடி உடைந்தவை. அந்தப் பல்லைத் திருப்பி அனுப்ப முடியுமா? கொடுத்ததைக் கேட்கிறேனே என்று நினைக்கவேண்டாம்.

கார்த்திகைக்கு லீவு கிடைக்காது. பொங்கலுக்குப் பிறகு பார்க்கவேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கோதண்டம்


அரியலூர் முகாம்,
15-11-1953

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்று பயமாக இருக்கிறது. ஒரு கார்டு போட்டாலும் போதும்.

மழை. கூடாரத்துக்குள் தண்ணீர். ஓடையில் இறங்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இங்கே மிகவும் களைப்பான வேலை.

கல்கத்தாப் பார்சல் போய்விட்டது, அந்தப் பல் இல்லாமலே. இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இப்போது அனுப்பினாலும் பின்னோடு போய்ச் சேரும்.

ஹபீபுல்லா லீவில் ஊருக்கு வருகிறார். முடிந்தால் அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

கோதண்டம்


திருவொற்றியூர் குப்பம்,
6-12-1953

தம்பிக்கு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பயப்படாதே.

உன் ஹபீபுல்லா வந்தார். பண்பானவர், வாசலிலேயே நின்று பேசினார். காபி கொடுத்தேன். "பல்லு குட்த்தனுப்பச் சொன்னான்மா" என்றார். கொடுக்கவில்லை. கார்த்திகைக்கு லீவு கிடைக்கவில்லையாமே என்று கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "லீவா? அவன் எங்க கேட்டான்? முகாம்லயே லீவு கேக்காதவன் அவன் ஒத்தன்தாம்மா" என்றார்.

அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து கூடியது. கங்கையம்மன் கோயில் முன்னால். தலைவர் ஆரம்பித்தார். "வருஷம் பூட்ச்சிம்மா. இன்னும் இன்னாத்துக்கு இழுத்துகினு கீற? பெத்தவளே சொல்லிட்டா." நான் தீப்பெட்டியைத் திறந்து பல்லை எடுத்துக் காட்டினேன். "என் கொழுந்தன் பட்ச்சவரு, எழுதிக்கீறாரு. பல்லு கெடச்சா அந்த எடத்துல செத்துட்ச்சின்னு இல்ல. எழுந்து போயிருக்கும். அப்போ துடுப்பு கெடச்சா மட்டும் எப்படி?" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாம்மா, கடலுக்குள்ள எத்திராஜ் பல்லு மொளைச்சிகினு குந்திகினு கீறானா?" என்றார். பின்னால் யாரோ, "மொளைக்கட்டும், மொளைச்சதும் வரட்டும்" என்றான். பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "வாய மூடு பூமாரி. ஊரே பாத்துகினு கீது."

மாசி மகத்துக்கு என்று முடிவு சொல்லிவிட்டார்கள். பல் என்னிடம்தான் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வேண்டியிருக்கிறது. நீ எழுதியது பல்லுக்கு மட்டும்தானா? நேராகச் சொல்.

பூமாரி


அரியலூர் முகாம்,
20-12-1953

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கவும் தகுதி இல்லாதவன்போல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்தப் பனியில் வலி கூடியிருக்கும்.

லீவு கேட்கவில்லை. உண்மைதான். கேட்டால் கிடைத்துவிடும். கிடைத்தால் வரவேண்டும். வந்தால் தூக்கவேண்டும். வைக்கோலுக்குக் கனம் இருக்காது, அண்ணி. சின்ன வயதில் அண்ணன் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அலையில் இறங்குவார். அவரை நான் கனமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் பல் பொறுக்கினேன். அதனால் உங்களுக்குப் பல்லைப் பற்றியே எழுதினேன்.

நேராகச் சொல்கிறேன். விலங்கு எழுந்து போயிருக்கும் என்று எழுதினேன். போனது பிறகு எங்கோ செத்தது என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டது அந்த ஒரு வரி.

தானாகக் கழன்ற பல் உண்டு, செத்தபின் தாடையிலிருந்து உடைந்த பல்லும் உண்டு. இரண்டும் ஒரே ஓடையில் கிடைக்கும். மேலே பார்த்தால் வித்தியாசம் இல்லை. விட்ட இடத்தைப் பார்க்கவேண்டும். கழன்றது என்றால் அடி மழமழவென்று கரைந்திருக்கும். உடைந்தது என்றால் சில்லுசில்லாக நிற்கும். ஒரு பொருள் எதிலிருந்து பிரிந்ததோ, அந்த விளிம்பு மட்டும்தான் பேசும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

துடுப்பு பல் அல்ல. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கோதண்டம்


திருவொற்றியூர் குப்பம்,
17-1-1954

தம்பிக்கு,

பொங்கல் வைக்கவில்லை. மற்றபடி சுகம்.

நீ எழுதியபடி பார்த்தேன்.

துடுப்பு இத்தனை நாளும் கூரைச் சட்டத்தில் செருகிக் கிடந்தது. நான் தொட்டதில்லை. தொட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். பொங்கலன்று அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது இறக்கினேன். துடுப்பின் கழுத்தில் ஒரு கயிறு இருக்குமே, அலை பிடுங்கிவிடாமல் கட்டுமரத்தோடு சேர்த்துக் கட்டுவார்களே, அது அப்படியே இருந்தது. அலை பிடுங்கியிருந்தால் கயிறு அறுந்திருக்கும், நுனி பிரிந்திருக்கும். அறுபடவில்லை. நுனி முழுசாக இருக்கிறது. முடிச்சு இருந்த இடத்தில் மடிப்பு இன்னும் தெரிகிறது. கையால் அவிழ்த்தது. அவர் கட்டும் இரட்டை முடிச்சு உனக்குத் தெரியும். ஈரத்தில் அதை இன்னொருவன் அவிழ்க்க முடியாது.

அவிழ்த்த கயிற்றில் பிறகு ஒரு சுருக்கு போட்டிருக்கிறது. ஒரு கை நுழையும் அளவு. அவர் கைக்கு அது போதாது.

துடுப்பை எடுத்துக்கொண்டு பொன்னுரங்கத்திடம் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தான். துடுப்பை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. பிறகு தன் கையைச் சுருக்குக்குள் விட்டுக் காட்டினான். மணிக்கட்டில் சரியாக நின்றது.

"அண்ணன்தான் மாட்னாரு அண்ணி. உனுக்கு நீச்சலு பத்தாதுடா, புட்ச்சிக்கோன்னாரு. அப்பறம் ஒரு அலை. நா திரும்பிப் பாத்தேன்."

அதோடு நிறுத்திவிட்டான். நானும் நிறுத்திவிட்டேன்.

இன்று காலை வாசலில் வைத்த மீனைக் குழம்பு வைத்தேன்.

மாசி மகத்துக்கு முதல்நாளே வந்துவிடு. லீவு கேள்.

பூமாரி


அரியலூர் முகாம்,
2-3-1954

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் தூங்கவில்லை. அம்மா சாப்பிட ஆரம்பித்தார்களா? நீங்கள்?

அங்கே இருந்த நாட்களில் நாம் பேசவே இல்லை. இங்கே வந்தபின் பேசத் தோன்றுகிறது. கடிதம் என்றால் முகம் பார்க்கவேண்டியதில்லை.

கனமாகத்தான் இருந்தது, அண்ணி. இடுப்பளவு தண்ணீரில் வைக்கோல் நனைந்ததும் ஓர் ஆளின் கனம் வந்துவிட்டது. பொன்னுரங்கம் கால் பக்கம் பிடித்தான். கூடப் பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும் என்று யாரோ கரையிலிருந்து கத்தினார்கள். அவன் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

விடும்போது தேங்காய் என் பக்கம் திரும்பியது. வெள்ளை அரிசி வரிசை. நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு. பின்பக்கம் வளைந்த நுனி. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். நீங்கள் வைத்தது சரிதான்.

நேற்று கல்கத்தாவிலிருந்து பதில். அனுப்பியவை போதாதாம். சிறிய ஊன்தின்னி டைனோசாராக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அடி முழுசாக உள்ள ஒன்று கிடைத்தால் தீர்மானமாகச் சொல்வார்களாம். ஆபீசர் கேட்டார்: "அந்த முழுப் பல் எங்கேய்யா?" கடலில் என்றேன். சிரித்துவிட்டு, "சுறாப் பல்தான் அது. வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது" என்றார். நான் மறுக்கவில்லை. நாளை மீண்டும் சங்கிலி பிடிக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வற்றிவிட்டது. ஹபீபுல்லா ஒரு புதுச் சல்லடை வாங்கி வந்து கூடாரத்தில் மாட்டியிருக்கிறார். இன்னும் இறக்கவில்லை.

கோதண்டம்


திருவொற்றியூர் குப்பம்,
14-3-1954

தம்பிக்கு,

அத்தை சாப்பிடுகிறார்கள். நானும். ஆலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். முன்பு மருந்துத் தூள் தாலிக்கயிற்றின்மேல் படியும். இப்போது கழுத்தில் படிகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.

பொன்னுரங்கம் இப்போது கூப்பிட்டால் நிற்கிறான். நின்று என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மீன் விலை பேசுகிறோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கல்கத்தாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் பத்திரமாக வைத்திருந்தேன். எனக்கு இனி அது வேண்டியிருக்கவில்லை. திறந்தால் பஞ்சு மட்டும் இருக்கிறது.

நான் வைக்கவில்லை, கோதண்டம்.

அத்தையைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள்:

"நாந்தான் வச்சேன். இன்னா இப்போ? வுழுந்தா மொளைக்கும்னு அவன்தான எழுதிக்கீறான்."

இன்னொன்று கிடைத்தால் கல்கத்தாவுக்கே அனுப்பு. இங்கே அனுப்பாதே.

பூமாரி